பிழைக்கென்று ஒரு காது

அந்த அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, அவ்வளவு துணிச்சல் அங்கே யாருக்கும் கிடையாது. ஆனால் அவள் தண்ணீர் பிடிக்க எழுந்து போனால் போதும், மேசைக்கு மேசை அந்தப் பெயர்தான் ஓடும்.

ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அது. வரிசையாகத் தடுப்புப் போட்ட மேசைகளில் இளம்பெண்களும் பையன்களும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, தண்ணீர் இறங்கவில்லை, கதவு மூடவில்லை என்று யார் யாரோ திட்டுவதை நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பேசியதைப் பிறகு கேட்பதுதான் அவள் வேலை. ஏசிக் காற்று நேராக மண்டையில் அடிக்கிற கடைசி மூலையில் உட்கார்ந்து, பதிவான பேச்சை ஒவ்வொன்றாகக் கேட்டு மார்க் போடுவாள். 'வந்து' என்று இழுத்தால் மார்க் போச்சு. 'ஆக்சுவலா' என்றால் போச்சு. வாடிக்கையாளரை 'அக்கா' என்று கூப்பிட்டு உறவு கொண்டாடினால் சுத்தமாகப் போச்சு. மார்க் தொடர்ந்து குறைந்தால் வேலைக்கே உலை. கத்திரி என்று அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திரையில் குறித்துக்கொள்கிற வசதியெல்லாம் வரவில்லை. பாதியில் நிறுத்தி எழுதினால் கேட்கிற ஓட்டம் அறுந்துபோகிறது என்று, பிழைகளை விரல் கணுக்களில் எண்ணிக்கொள்ளப் பழகினாள். ஒரு பிழை, கட்டைவிரல் ஒரு கணு நகரும். இன்னொரு பிழை, இன்னொரு கணு. பிறகு எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. கட்டைவிரலுக்கு மட்டும் அந்தச் சேதியை யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் பேசினால் நகரும். மருந்துக்கடைக்காரர் பேசினால் நகரும். பக்கத்து வீட்டுக்காரர், செத்துப்போன தம்பியைப் பற்றி வாசலில் நின்று அழுதுகொண்டே சொன்னபோதுகூட நகர்ந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, ஏதோ பிரார்த்தனை செய்கிறாள் போலிருக்கிறது என்று கைகூப்பினார்.

பிறக்கும்போதே யாரும் இப்படிப் பிறப்பதில்லை. அவளுடைய அம்மா ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகள் துவைத்தவள். அம்மாவின் நாக்குக்கு 'ழ' வராது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா, வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, ஆசிரியையிடம் போய் நின்று, "எம் பொண்ணு ஒளுங்கா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் மகளுக்கு 'ஒளுங்கு' என்பதே பெயராகிவிட்டது. வீட்டுக்கு வந்து, இனிமேல் நீ பள்ளிக்கூடத்துப் பக்கமே வராதே என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மாவும் வரவில்லை. அதற்குப் பிறகு வேற்று மனிதர் யார் வீட்டுக்கு வந்தாலும் அம்மா பேசமாட்டாள், சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். மகளோ கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மடித்து மடித்துப் பழகினாள். அந்த நாக்குதான் பின்னால் அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது. சின்னப் பெண் பட்ட அவமானம் அது, அதற்காக அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஓர் அவமானத்தை இத்தனை வருஷம் இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தவளை நான் பார்த்ததில்லை.

காதில் விழுகிற எதுவும் அவளை நிம்மதியாக விடாது. 'நடு சென்டர்' என்று யாராவது சொன்னால், சென்டர் என்றாலே நடுதானே என்று பல்லைக் கடிப்பாள். 'கேட் கதவு', 'டெய்லி தினமும்', இப்படி ஒவ்வொன்றும் அவளுக்குக் காலில் முள். அலுவலகத்துக்குப் போகும் குறுக்குச் சந்தில் ஒரு வீட்டுக்காரர் 'சுவற்றில் எழுதாதே' என்று சுவரிலேயே எழுதிவைத்திருந்தார். சுவரில் என்று எழுதத் தெரியாதவனுக்குச் சுவர் எதற்கு என்று அவள் அந்தச் சந்தையே விட்டுவிட்டு, வெயிலில் சுற்றிக்கொண்டு போனாள்.

வாய்த்த கணவரோ லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் உள்ள சகல பொருளுக்கும் அவர் 'அது' என்று ஒரே பெயர் வைத்திருந்தார். "அந்த அத எடுத்து அதுல வெச்சிடேன்" என்பார். "எத எடுத்து? எதுல வைக்கணும்?" என்று அவள் நிற்பாள். கல்யாணமான புதிதில் அவர் சிரித்தார். பிறகு சிரிப்பதை விட்டார். பிறகு பேசுவதையும் விட்டுவிட்டு, தனக்கு வேண்டியதைத் தானே எழுந்துபோய் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். அவரோடு வேலை பார்க்கிற ஒருவர் ஒருமுறை வீட்டுக்கு வந்து, "அண்ணன் கூட இருந்தா போதும், பொழுது போறதே தெரியாது. வயிறு வலிக்கச் சிரிக்க வெப்பாரு" என்றார். வேறு யாரையோ சொல்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

இவர்களுக்கு ஒரே பெண். பேச ஆரம்பித்த வயதில் வாயை மூடாத குழந்தை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதை சொல்ல ஆரம்பிக்கும். அம்மாக்காரி கேட்டாள், கேட்டுக்கொண்டே திருத்தினாள். "கடுப்பா இருக்கும்மா" என்றால், "கோபமா இருக்குன்னு சொல்லு" என்பாள். "செம மொக்க" என்று வந்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. திருத்தி அலுத்துப்போனபோது, அதே போல இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவாள். அப்படிச் செய்தால் வெட்கப்பட்டாவது விட்டுவிடுவாள் என்ற நினைப்பு. ஒருநாள் கணவர், வருஷக்கணக்கில் வாயைத் திறக்காதவர், "அவ என்ன சொல்றான்னு ஒரு நாளாவது கேட்டியா நீ?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். இனிமேல் வாயால் திருத்தமாட்டேன் என்று அவள் அன்றைக்கே அவருக்கு வாக்குக் கொடுத்தாள். சும்மா சொல்லக் கூடாது, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். ஆனால் கட்டைவிரல் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே. மகள் பேசப் பேச அது பாட்டுக்குக் கணு கணுவாக நகரும். மகளின் கண் அதன்மேலேயே இருக்கும். கதை பாதியில் நிற்கும். கொஞ்ச காலத்தில் "ஆமா", "இல்ல", "சரி" என்ற மூன்று வார்த்தையில் குடித்தனமே நடக்க ஆரம்பித்தது. மூன்றிலும் பிழை கண்டுபிடிக்க முடியாது.

மீதிப் பேச்சையெல்லாம் மகள் தன் அத்தையிடம் கொண்டுபோய்க் கொட்டினாள். கணவரின் தங்கை, அதாவது இவளுடைய நாத்தனார், இரண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருந்தாள். உலகத்தில் உள்ள அத்தனை பிழையும் அந்த ஒரு வாயிலிருந்துதான் உற்பத்தியாகிறது என்பது இவள் எண்ணம். நடு சென்டரும் அங்கேதான், கேட் கதவும் அங்கேதான். துணியை மெஷினில் ஓட்டிக்கொண்டே, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே, "ம், அப்புறம்? அடிப்பாவி! அப்புறம்?" என்று கேட்பாள். மகள் சாயங்காலம் முழுவதும் அங்கேயே கிடந்தாள். இவளுக்கு வயிறெரிந்தது. எரிந்தாலும், சொல்லிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

மகளுக்குக் கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளை நல்ல வேலையில் இருந்தான், தெளிவாகப் பேசினான். ஒரு 'வந்து' கிடையாது, ஓர் இழுவை கிடையாது. வார்த்தை ஒவ்வொன்றும் முழுசாக, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. பெண் பார்த்துப் பேசி முடித்த அன்றைக்கு அவளுடைய கட்டைவிரல் அசையவே இல்லை. இதைவிட என்ன வேண்டும் என்று சந்தோஷப்பட்டாள். பாவம், அவளுக்கு மனிதர்களை அளக்கத் தெரிந்தது அந்த ஒரு கோலால்தான்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் மகள் வந்து நின்றாள். சின்னப் பை ஒன்று. முழுக்கை வைத்த சட்டை.

"என்னடி, ஒரு ஃபோன்கூடப் பண்ணாம?"

"சும்மாதாம்மா."

கணவர் வேலைக்குப் போயிருந்தார். சமையலறை மேசையில் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். மகள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் தானாகப் பேச வந்திருக்கிறாள் என்பது இவளுக்குப் புரிந்தது. எதுவும் கேட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

"அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அவரு வந்து... பேசிக்கா நல்லவருதான். ஆனா வந்து, கோவம் வந்துச்சுன்னா, ஆக்சுவலா அவருக்கு என்ன பண்றோம்னே..."

மகளின் பார்வை தாழ்ந்தது. அந்தப் பார்வை போன இடத்தை இவளும் பார்த்தாள். மேசைமேல் கிடந்த தன் வலது கையில், கட்டைவிரல் நடுவிரலை முடித்துவிட்டு மோதிரவிரலுக்குத் தாவிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல. விடும்மா."

"இல்லடி, சொல்லு. நான் கேட்டுட்டுதானே இருக்கேன்?"

"நீ கேட்டுட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியும்மா."

மகள் டம்ளரை நகர்த்திவைத்துவிட்டு எழுந்தாள். தலைவலி என்று போய்ப் படுத்தாள். இவள் அறை வாசலில் நின்று, "சொல்லுடி, சொல்லுடி" என்று கெஞ்சினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டுகூட நின்றாள். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் எழுந்து முகம் கழுவி, "போயிட்டு வரேன், நீங்க உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள். பிறந்ததிலிருந்து 'நீ' என்று கூப்பிட்ட அம்மாவை அன்றைக்குத்தான் முதல்முறை 'நீங்க' என்றாள். அந்த மரியாதை இவளைச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு வேலையில் மனம் ஒட்டவில்லை. ஹெட்செட்டை மாட்டினால் எந்தக் குரலும் மகளின் குரலாகக் கேட்டது. அப்படி ஒருநாள் ஒரு பதிவு வந்தது. புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண், ஃபிரிட்ஜ் ரிப்பேருக்காகக் கூப்பிட்டிருக்கிறாள். பில் புருஷன் பெயரில் இருக்கிறது. அவரைப் பேசச் சொல்லுங்கள் என்று சேவைப் பிரிவுப் பெண் கேட்க, எதிர்முனை உடைந்து அழுகிறது. விதிப்படி, 'தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகவேண்டும். அந்தப் பெண்ணோ, "ஐயோ அக்கா, எனக்கு வந்து தெரியாதுக்கா. அழாதீங்கக்கா. ஒண்ணும் அவசரமில்ல, நீங்க போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்கிறாள். சொன்னபடியே லைனில் இருக்கிறாள். திரும்பி வந்த குரல் ஆறியிருந்தது. புருஷன் அந்த ஃபிரிட்ஜை வாங்கிவந்த கதையைச் சொன்னது. சிரிக்கக்கூடச் செய்தது.

அவள் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு நேரே அந்தப் பெண்ணின் மேசைக்குப் போனாள். கத்திரி தன்னைத் தேடி வருவதைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"நேத்து ஒரு அம்மா அழுதாங்களே, அவங்ககிட்ட எப்படிம்மா அப்படிப் பேசின? எப்படிப் பேசணும்னு எனக்குச் சொல்லேன்" என்றாள் இவள். நிஜமாகவேதான் கேட்டாள்.

பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "தப்புதான் மேடம். தெரியாமப் பண்ணிட்டேன் மேடம். இனிமே யாரையும் அக்கான்னு சொல்லமாட்டேன் மேடம்."

"இல்லம்மா, நான் அதுக்குக் கேக்கல."

"சத்தியமா மேடம். வீட்ல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன் மேடம்."

சுற்றி எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அந்தப் பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது. இவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அந்தப் பதிவுக்கு முழு மார்க் போட்டாள். அதைப் பார்த்து, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அந்தப் பெண் மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் கடைசியில் நாத்தனாரின் கடைப்படி ஏறினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கடைக்குள் அவள் கால் வைத்ததில்லை. நாத்தனார் பதறிப்போய், வெட்டிய துணிகளை ஒதுக்கி நாற்காலி போட்டாள்.

"அவ உங்கிட்ட எல்லாம் சொல்லுவா. எனக்குத் தெரியும். என்ன நடக்குது அங்க?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா அண்ணி."

"நான் அவளைப் பெத்தவ."

நாத்தனார் கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினாள். "அடிக்கிறான் அண்ணி. அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தாளே, அப்பவே கை வீங்கிப்போய்தான் இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லத்தான் வந்தா. அப்புறம் நேரா இங்க வந்தா. நான்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கெளம்பி வந்துடுடின்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். எங்க வர்றது, அம்மா மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு கேக்கறா."

மகளின் முழுக்கைச் சட்டை இவளுக்குக் கண் முன்னால் வந்தது. அந்தக் கைக்கு எதிரிலேதான், மேசையின் இந்தப் பக்கம், தான் எண்ணிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது தன் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று தோன்றியது. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. ஃபோனில் கை தெரியாது. ஃபோனில் பேசினால் மகள் பேசுவாள். அங்கேயே, கடையிலேயே உட்கார்ந்து கூப்பிட்டாள்.

"சொல்லுங்கம்மா."

"எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன் அம்மா. அவரும் நல்லா இருக்கார். அப்பாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா?"

"கை எப்படி இருக்குடி?"

குரல் மாறி வந்தது. "கைக்கு ஒன்றுமில்லை அம்மா. குளியலறையில் வழுக்கி விழுந்தேன். இப்போது சரியாகிவிட்டது. நீங்கள் கவலைப்பட வேண்டாம்."

எழுதிவைத்துப் படித்ததுபோல் இருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் சுத்தம், ழகரம் அச்சுப் பிசகாமல் வந்தது. ஓர் இழுவையில்லை, ஒரு திணறல் இல்லை. இத்தனை வருஷம் எந்தப் பேச்சுக்காக இவள் தவம் கிடந்தாளோ, அந்தப் பேச்சை மகள் அப்படியே பேசினாள். அதில் உள்ளே நுழைய ஓர் ஓட்டை இல்லை.

இவள் பயந்துபோனாள். என்ன செய்வதென்று தெரியாமல், மகள் பேசுவது போலவே பேசிப் பார்த்தாள். "அடியே, எனக்கு வந்து... செம பயமா இருக்குடி. நீ வந்து, பேசாம வந்துடு. ஆக்சுவலா நான் வந்து, எனக்கு..." பழக்கமில்லாத வார்த்தைகள். அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவது போல் தடுக்கித் தடுக்கி வந்தன. ஆனால் அவள் வாழ்நாளில் அவ்வளவு உண்மையாக எதையும் பேசியதில்லை.

"இப்பக்கூட என்னைப் பேசிக் காட்டணுமாம்மா?"

"இல்லடி! சத்தியமா இல்லடி..."

"வேறு ஒன்றும் இல்லையே அம்மா? வைக்கிறேன்."

ஃபோனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அப்போது தையல் மெஷின்மேல் கிடந்த நாத்தனாரின் ஃபோன் அடித்தது. மகள்தான். எடு என்று இவள் சைகை காட்டினாள். கையில் எப்போதும் துணி இருப்பதால் நாத்தனாருக்கு ஸ்பீக்கரில் போட்டுப் பேசித்தான் பழக்கம். பழக்கதோஷத்தில் அதையே அழுத்திவிட்டாள்.

"அத்த! நீ சொல்லிட்டியா அத்த? அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. ஃபோன் பண்ணி வந்து, என்னைய மாதிரியே பேசிக் காட்றாங்க அத்த. ஐயோ, என்னால முடியல. நேத்து வந்து இவரு மறுபடியும்... கதவச் சாத்திட்டு... நான் வந்து, நடு சென்டர்ல ஹால்லயே விழுந்து கெடந்தேன் அத்த, ஆக்சுவலா எனக்கு எழுந்திரிக்கவே... சுத்தமா முடியல அத்த..."

எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். எந்த வாக்கியமும் முடியவில்லை. ஆனால் எல்லாமே புரிந்தது. தன் பெண்ணின் பேச்சை அவள் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டாள். தொழில் அதுதானே, தன்னிடம் பேசாத பேச்சை உட்கார்ந்து கேட்பது. கத்திவிடாமல் இருக்கப் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

"அழாத. கெளம்பி வா" என்றாள் நாத்தனார். "பை கிய் ஒண்ணும் எடுக்காத, இருக்கறபடியே வா. அவன் வர்றதுக்குள்ள பஸ் ஏறு. நான் இங்கதான் இருக்கேன்."

"அம்மா அங்க வரமாட்டாங்கல்ல அத்த?"

நாத்தனாரின் கை துணிமேல் நின்றுவிட்டது.

"அவங்க இருந்தா நான் வரல அத்த. எனக்கு வாயே வராது. அங்க இருக்க மாட்டாங்கன்னு சொல்லு, நான் இப்பவே கெளம்பறேன்."

நாத்தனார் இவளைப் பார்த்தாள். இவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று சொல், சீக்கிரம் சொல் என்று கையை ஆட்டினாள்.

"இருக்க மாட்டாங்கடி. நீ வா."

ஃபோனை வைத்ததும் நாத்தனாருக்கும் கண் கலங்கிவிட்டது. "அண்ணி, நீங்க உள் ரூம்ல இருங்க. அவ வந்து கொஞ்சம் ஆறட்டும், நான் மெதுவா எடுத்துச் சொல்றேன்."

"வேணாம். நீ வாக்குக் கொடுத்துட்ட." இவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "மொதல்ல அவ வந்து சேரட்டும். சாப்பிட வெச்சிடு. அவ அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன், அவர் வந்து கூட இருக்கட்டும். அவர்கிட்ட அவ பேசுவா."

கடைப்படி இறங்கினாள். தெருமுனையில்தான் பஸ் நிறுத்தம். மகள் அங்கேதான் வந்து இறங்குவாள். அங்கே நின்றால் தூரத்திலிருந்தாவது பெண்ணை ஒருமுறை பார்க்கலாம். பார்த்தால் அவளும் பார்த்துவிடுவாள், பார்த்தால் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி அந்த வீட்டுக்குப் போய்விடுவாள். இவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கமாக வீட்டுக்குப் போனால் சுற்றுவழி. பஸ் வருவதற்குள் இந்தத் தெருவைத் தாண்டிவிட வேண்டுமென்று வேகமாக நடந்தாள்.